புறம்போக்கு யாருடைய நிலம்? செட்டிநாட்டில் பொதுநிலம் காக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கத்துக் கிராமங்களில் கண்மாய், ஊருணி, கோவில்காடு என்று அலைகிற சிறு குழு நாங்கள். ஆடி பிறந்துவிட்டால் தொலைபேசி ஓயாது. கல்லூரி மாணவர்கள், சென்னையில் வேலை பார்ப்பவர்கள், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குடியேறிய குடும்பங்கள் என்று பலரும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அழைக்கிறார்கள். கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டோம்.

செட்டிநாட்டில் பழங்குடிகள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், ஆனால் நீலகிரியை மனத்தில் வைத்துக்கொண்டு தேடினால் கண்ணில் பட மாட்டார்கள். காட்டுநாயக்கர் குடும்பங்கள் ஊர் ஓரங்களில் சிதறி வாழ்கின்றன. நரிக்குறவர் மக்களைத் தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் 37ஆவது பிரிவாகச் சேர்க்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. அதற்காக அவர்கள் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள்.

சட்டப்படி பழங்குடி என்ற பட்டியலோடு கேள்வியை முடித்துக்கொண்டால் பாதிப் பேர் விடுபடுவார்கள். கண்மாய் மடையைத் திறந்து மூடும் பொறுப்பைப் பரம்பரையாகப் பார்த்த மடைக்குடும்பர், ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராகப் போகும் கீதாரி, கண்மாய் மண்ணெடுத்து ஐயனாருக்குக் குதிரை செய்யும் வேளார், விறகும் ஆவாரம்பூவும் பொறுக்கும் பெண்கள், கரிமூட்டம் போடுகிறவர்கள் ஆகியோருக்கு நிலத்தில் பட்டா இருக்காது. நிலத்தின் குணம் தெரிந்தவர்கள் இவர்கள்தாம். நாங்கள் 'ஊர் மக்கள்' என்று சொல்லும்போது இவர்கள் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறோம்.

புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம்தானே?

இந்த நினைப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது. தீர்வைக் கணக்குக்குப் புறம்பாகப் போன நிலம் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். வரி கிடையாது என்பதால் பயன் கிடையாது என்று ஆகிவிடாது. பேச்சு வழக்கில் அது வசைச்சொல்லாக மாறியதற்கு நிலம் என்ன செய்யும்?

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டைப் பாருங்கள். கண்மாய், ஊருணி, அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், மேய்ச்சல், மந்தைவெளி, களம், மயானம் என்று ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு வேலை எழுதப்பட்டிருக்கும். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம். கோவில் நிலமென்றால் அறநிலையத் துறையிடம் கேட்க வேண்டியிருக்கலாம். காப்புக்காடு வனத்துறையுடையது. ஒரே இடத்தில் நின்று நான்கு திசையில் கல்லெறிந்தால் நான்கு துறை எல்லையில் விழும் ஊர்களும் உண்டு.

பதிவேட்டில் இல்லாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. எந்த மாதம் எந்தப் பக்கம் ஆடு இறங்கலாம், எந்த மரத்தில் கை வைக்கக் கூடாது, மீன் எப்போது பிடிக்கலாம், பிடிமண் எங்கே எடுக்கலாம் என்பதெல்லாம் ஊர் வாயில் இருக்கும் கணக்கு. இரண்டையும் படித்த பிறகு மண்வெட்டியை எடுங்கள்.

ஐந்நூறு மரக்கன்று தயாராக வைத்திருக்கிறோம். எந்த ஞாயிற்றுக்கிழமை வரலாம்?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இது. எங்களை அதிகம் சங்கடப்படுத்துவதும் இதுதான், ஏனென்றால் நாங்களே அப்படித்தான் தொடங்கினோம்.

முதல் ஆண்டு ஒரு கண்மாயின் வடகரையை ஒட்டிய மேய்ச்சல் தரையில் இருநூறு கன்று நட்டோம். தலைவர் வந்தார், படம் எடுத்தோம், வேம்பும் புங்கனும் வரிசையாக நின்றன. பங்குனியில் போய்ப் பார்த்தபோது எண்ணுவதற்கு இரண்டு கை விரல்கள் போதும். ஆடு தின்றுவிட்டது என்று எரிச்சலோடு பேசிக்கொண்டிருந்தோம். கிடையை ஓட்டிக்கொண்டு வந்த கீதாரி ஒருவர் நின்று கேட்டார்: "ஆடு தண்ணீருக்கு இறங்குகிற பாதையில் நட்டுவிட்டு ஆட்டைக் குறை சொன்னால் எப்படித் தம்பி? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கிழக்கே காட்டியிருப்பேனே." இன்னொன்றும் சொன்னார். நாங்கள் நட்ட இடம் செம்புராங்கல் சரளை. ஒரு முழத்துக்குக் கீழே வேர் இறங்காது.

அந்தத் தரை வெறுமையாக இருந்ததும் இல்லை. ஆட்காட்டிக் குருவி வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவில்தான் முட்டையிடும். கௌதாரிக்குப் புதர் வேண்டும். மரம் இல்லாத இடமெல்லாம் குறையுள்ள இடம் என்று பார்க்கும் கண்ணை நமக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

ஆகவே முதல் வருகைக்குக் கன்று வேண்டாம், நோட்டுப் புத்தகம் போதும். ஆடு மேய்ப்பவரோடு ஒரு நாள் நடங்கள். எந்த இடத்தில் மரம் நின்றிருந்தது, எப்போது போனது, ஏன் போனது என்று கேளுங்கள். மரம்தான் வேண்டும் என்று அவர்களே சொல்லும் இடத்தில், அவர்கள் சொல்லும் மரத்தை நடலாம். கண்மாய்க் கரைக்கு மருதமும் பனையும் சொல்வார்கள். நாற்றங்காலில் இலவசமாகக் கிடைக்கும் கன்றை அவர்கள் சொல்வது அரிது.

ஊருக்குள் முதலில் யாரைப் பார்ப்பது?

ஊராட்சித் தலைவரைப் பார்க்காமல் எதுவும் நடக்காது, அவரை மட்டும் பார்த்தாலும் நடக்காது. அம்பலம் எனப்படும் ஊர்ப் பெரியவர், கோவில் பூசாரி, மடை பார்ப்பவர் என்று பெயர்கள் தானாக வரும். வராத பெயர்களைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

'ஊர்க்கூட்டம் முடிவு செய்துவிட்டது' என்று யாராவது சொன்னால், கூட்டம் எங்கே நடந்தது என்று கேளுங்கள். கோவில் வாசல் என்றால், அந்த வாசலுக்குள் வர முடியாத தெரு எது என்று பாருங்கள். இந்தப் பக்கத்தின் மரபுகளை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் ஊருணியில் யார் எந்தப் படித்துறையில் இறங்கலாம், யார் இறங்கவே கூடாது என்று வைத்திருந்ததும் மரபுதான். தண்ணீரைக் காத்த அதே வழக்கம் தாழ்த்தப்பட்ட மக்களைத் தண்ணீரிலிருந்து தள்ளியும் வைத்தது. அதனால் எங்கள் கூட்டங்களைப் பள்ளிக்கூட மரத்தடியிலோ நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலோ வைக்கிறோம். பெண்கள் பேசுவது அங்கேதான். கண்மாய் உள்வாயில் மண் லாரி எந்த இரவில் வந்தது என்பதை அவர்களைத் தவிர யாரும் சொன்னதில்லை.

கோவில்காட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். ஐயனாரும் கருப்பரும் இருக்கும் காடுகளில் காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது பல ஊர்க் கட்டுப்பாடு. அதனால்தான் சுற்றிலும் தைலமரமும் சீமைக் கருவேலமும் நிற்க, நடுவில் வீரை, உலக்கைப்பாலை, காட்டு எலுமிச்சை, காசான் எல்லாம் பின்னிக்கொண்டு பகலிலும் இருட்டாக நிற்கின்றன. இந்த வறண்ட பசுமைமாறாக் காட்டை நாற்றங்காலில் உற்பத்தி செய்து மூன்று ஆண்டில் கொண்டுவர முடியாது.

இன்றைய ஆபத்து கோடரியிலிருந்து வருவதில்லை, பக்தியிலிருந்தே வருகிறது. வெளியூரில் சம்பாதித்த குடும்பம் குலதெய்வத்துக்கு நன்றி சொல்ல விரும்புகிறது. பெரிய மண்டபம், கிரானைட் தரை, கார் நிறுத்த இடம், குழல்விளக்கு. அவர்கள் மேல் கோபப்பட முடியாது. அவர்களிடம் பேச மிகச் சிறந்த ஆள் பூசாரி. 'சாமி வெயிலில் நிற்கப் பிரியப்பட மாட்டார்' என்று அவர் ஒரு வாக்கு சொன்னால் எங்கள் பத்து விளக்கப்படங்களும் தேவையில்லை.

ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்பு நடக்கும் ஊரென்றால் வேளாரோடும் பேசுங்கள். ஊர் கூடி ஒரு பிடி மண்ணைக் கொடுத்தால்தான் அவர் குதிரை செய்யத் தொடங்குவார். பிடிமண் கொடுப்பது என்று பெயர். வண்டல் இல்லாத கண்மாயில் அவருக்கு வேலை கிடையாது, வேலை இல்லாத வேளார் வீட்டுப் பிள்ளை திருப்பூருக்குப் பஸ் ஏறிவிடும். கிராவலுக்காகத் தோண்டப்பட்ட கண்மாயைப் பற்றி அவரைவிட நுணுக்கமாகப் புகார் எழுதக்கூடியவர் இல்லை.

எங்கள் முன்னோர் வெட்டிய ஊருணியைத் தூர்வாரப் பணம் தருகிறோம். போதுமா?

நகரத்தார் குடும்பங்கள் அடிக்கடி கேட்பது. நல்ல மனம், நல்ல தொடக்கம். கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் தெருக்களை வகுத்தபோதே மழைநீர் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி வகுத்தார்கள். முற்றத்தில் விழும் நீரை வீணாக்காத வீடுகள் அவை. ஆச்சிமார் இன்றும் அந்தத் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேசுவார்கள்.

ஆனால் பணம் வந்தவுடன் பொக்லைன் வரும், பொக்லைன் வந்தால் ஆழம் என்ற போதை வரும். ஊருணியின் அடியில் களிமண் படிந்த ஒரு படுகை இருக்கும். நீரைத் தாங்குவது அதுதான். அதைக் கிழித்துவிட்டால் ஐப்பசியில் நிறைந்த நீர் தையில் காணாமல் போகும். வண்டல் எங்கே முடிகிறது, படுகை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல, ஊருணியில் கை வைத்து வேலை செய்த முதியவர் ஒருவர் கரையில் நிற்க வேண்டும். அவருக்கு நாள் கூலி கொடுங்கள். பொறியாளருக்குக் கொடுப்பதில் தயக்கம் காட்டாத நாம் இவருக்கு மட்டும் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம்.

இன்னொன்று, வரத்துக்கால். மேல் மேலாகப் போட்ட சிமெண்டுச் சாலை வாய்க்காலைவிட உயர்ந்துவிட்ட தெருக்களில் ஊருணியை எவ்வளவு வெட்டினாலும் தண்ணீர் வராது. வரத்துக்காலைத் திறப்பது என்றால் யாருடைய வாசற்படியையாவது இடிப்பது. அதற்குப் பணத்தைவிட உறவு வேண்டும். உங்கள் பங்காளி வீட்டுப் படியாக இருந்தால் நீங்களே வந்து பேசுவது நல்லது.

சீமைக் கருவேலத்தை வேரோடு ஒழித்துவிடலாமே?

ஒழிக்க வேண்டியதுதான். அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையையே வெளியிட்டது. வேரோடு எடுக்காமல் வெட்டினால் நாலு கிளையாகத் துளிர்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த முள்காட்டை நம்பிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரே ஏலத்தில் வெளியூர் ஒப்பந்தக்காரர் மொத்தமாக வாரிக்கொண்டு போனால் அவர்கள் அடுப்பு அணையும். நாங்கள் வேலை செய்த ஓர் ஊரில் அந்தக் குடும்பங்களுக்கே வெட்டும் உரிமையைக் கேட்டு வாங்கினோம். மூன்று ஆண்டில் பகுதி பகுதியாக, வேரோடு எடுக்கிறார்கள். மெதுவான வேலை. பறவைகள் அடையும் மரங்களை அவர்களே விட்டுவைத்தார்கள்.

மீன்பிடித் திருவிழாவில் கண்மாயையே கலக்கி விடுகிறார்கள். இதைத் தடுக்க வேண்டாமா?

ஒரு நாளைப் பார்த்துவிட்டு மற்ற நாட்களை மறந்துவிட்டீர்கள். இந்தத் திருவிழாவைச் சிங்கம்புணரி வட்டாரத்தில் அழிகண்மாய் என்பார்கள். கோடையில் நீர் முழங்காலுக்கு இறங்கியபின் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா, பரி, வலை என்று கையில் அகப்பட்டதோடு சுற்று ஊர்க்காரர்கள் எல்லாம் இறங்குவார்கள். விரால், கெளுத்தி, கெண்டை எதுவானாலும் வீட்டில் குழம்பு வைக்க மட்டுமே, விற்பதில்லை என்பது வழக்கம். அந்த வெள்ளைத் துண்டு வீசப்படும் வரை ஒருவரும் கை வைக்கக் கூடாது. அதாவது மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் முழுக்கக் காவல். எப்படியும் சித்திரை வெயிலில் வற்றிச் சாகப்போகும் மீனைத்தான் கடைசியில் பகிர்ந்துகொள்கிறார்கள்.

குத்தகைக்கு விட்ட கண்மாய்களில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கவலைப்பட வேண்டுமானால் அங்கே போய்க் கவலைப்படுங்கள்.

வேட்டங்குடியைப் போல எங்கள் கண்மாயையும் சரணாலயமாக அறிவிக்கச் சொல்லலாமா?

திருப்பத்தூருக்கு அருகே உள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. மூன்று கண்மாய்கள் சேர்ந்து 38.4 ஹெக்டேர். வடகிழக்குப் பருவமழையோடு வரும் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கொக்கு, நீர்க்காகம் எல்லாம் அங்கே கூடு கட்டுகின்றன. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளும் என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை இனிப்பு கொடுத்துப் பாராட்டும். அந்த ஊரில் பிறந்த குழந்தைக்குப் பட்டாசு வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று வீட்டில் பிள்ளை உள்ளவர்களுக்குத் தெரியும். அறிவிப்புப் பலகையால் வரும் கட்டுப்பாடு இல்லை அது.

உங்கள் ஊரில் அப்படிப்பட்ட பிடிப்பு ஏற்கெனவே இருந்தால் அறிவிப்பு துணை செய்யும். இல்லாவிட்டால், மேய்ச்சலும் மீனும் வண்டலும் பறிபோகும் என்ற பயத்தில் ஊரே உங்களுக்கு எதிராகத் திரும்பும். அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு.

அதைவிட இணக்கமான வழி, பல்லுயிர் வளத்துக்காக அரசு அறிவிக்கும் பல்லுயிர் பாரம்பரியத் தலம். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. மதுரை மாவட்டம் மேலூர் அருகே அரிட்டாபட்டி 2022இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 193 ஹெக்டேர். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வெறும் 5 ஹெக்டேர் அளவுள்ள ஒரு கோவில்காடு 2025இல் அந்தத் தகுதியைப் பெற்றது. சின்னக் காடு என்று தயங்க வேண்டாம்.

ஆனால் தகுதி கிடைத்ததும் தூங்கிவிட முடியாது. அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,000 ஹெக்டேர் பரப்பு 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. பலகை நட்ட இடம்தானே என்று யாரும் விட்டுவைக்கவில்லை. கிராமசபைத் தீர்மானங்கள், ஊர்வலங்கள், சட்டமன்றத் தீர்மானம் என்று மேலூர் வட்டாரமே எழுந்த பிறகு, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

வன உரிமைச் சட்டம் எங்கள் ஊருக்குப் பொருந்துமா?

காடென்று கணக்கில் உள்ள நிலமாக இருந்தால் பொருந்தலாம். 2006ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடிகளுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். 2005 டிசம்பர் 13க்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் குடியிருந்து அதை நம்பி வாழ்ந்த பிற மரபுவழிக் காடுவாழ் மக்களும் கேட்கலாம். மேய்ச்சல், சிறு வனப்பொருள், நீர்நிலை ஆகியவற்றுக்கான சமூக உரிமை ஒன்று. ஊர் மரபாகக் காத்துவரும் காட்டைத் தொடர்ந்து காத்து மேலாண்மை செய்யும் உரிமை இன்னொன்று. இரண்டுக்கும் கோரிக்கை கிராமசபையில்தான் தொடங்க வேண்டும். பட்டா நிலத்துக்கோ சாதாரணக் கண்மாய்ப் புறம்போக்குக்கோ இதைக் கொண்டுபோனால் மனு திரும்பி வரும்.

கிராமசபையில் எப்போது பேசுவது?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், கண்மாய் பேச நல்ல நாள். 'நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதிய தீர்மானம் அலமாரியில் தூங்கும். புல எண், பரப்பு, நான்கு எல்லை, யாருக்கு எந்தப் பயன்பாடு, எந்த மாதத்தில் என்று எழுதுங்கள். ஆடு மேய்ப்பவர் பெயர் தீர்மானத்தில் வராவிட்டால் அடுத்த வேலி அவருக்குத்தான். நகலை வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

நரிக்குறவர் மக்கள் பறவை வேட்டையாடுகிறவர்கள். அவர்களோடு எப்படிப் பாதுகாப்பு வேலை செய்வது?

கேட்டவர் நல்ல எண்ணத்தோடு கேட்டார் என்றே எடுத்துக்கொள்கிறோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபின் வேட்டை என்ற பிழைப்பே சட்டவிரோதமானது. அதற்கு மாற்று என்ன என்று அன்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. பாசிமணியோடு திருவிழாக்களையும் பஸ் நிலையங்களையும் சுற்றத் தொடங்கினார்கள். கண்மாய்களை அவர்கள் அழிக்கவில்லை. கிராவல் லாரி அவர்களுடையது இல்லை.

எந்தப் பறவை எந்தக் கண்மாயில் எந்த வாரம் இறங்கும் என்பதை அவர்களில் மூத்தவர்கள் குரலைக் கேட்டே சொல்வார்கள். பறவைக் கணக்கெடுப்புக்கு அவர்களில் ஒரு பெரியவரை அழைத்துப்போனோம். தொலைநோக்கியோடு வந்த மாணவர்கள் நாணலுக்குள் தேடிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளங்கையைக் குவித்து ஒரு சத்தம் எழுப்பினார். நாணலுக்குள்ளிருந்து பதில் வந்தது. அன்றைய ஊதியம் அவருக்கும் மாணவர் குழுவின் வழிகாட்டிக்கும் ஒரே தொகை. இதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறோம்.

மூலிகை அறிவைப் பதிவு செய்து வெளியிடலாமா?

சொன்னவர் சம்மதித்ததை மட்டும். ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் அந்தப் பதிவேடு இருப்பது தலைவருக்கே தெரியாது. கேட்டு வாங்கிப் படியுங்கள், விடுபட்டதை ஊர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஒரு பாட்டி சொன்ன வேரின் பெயரைக் கைபேசியில் பதிந்து அன்றிரவே ஊருலகத்துக்குப் பரப்பினால், அடுத்த வாரம் அந்தச் செடி அங்கே இருக்காது. அனுபவித்துச் சொல்கிறோம்.

வெளிநாடுகளில் இப்படி ஊர் மக்களை முன்வைத்து நிலம் காப்பது நடக்கிறதா?

நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் உலுரு பாறையை 1985 அக்டோபர் 26 அன்று அனங்கு மக்களிடம் அரசு திருப்பிக் கொடுத்தது; அவர்கள் அதைத் தேசியப் பூங்காவுக்கு 99 ஆண்டு குத்தகைக்கு விட்டு, நிர்வாகத்தில் அமர்ந்தார்கள். புனிதப் பாறைமேல் ஏறாதீர்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏறுவது முற்றிலும் நின்றது 2019இல். சிட்னியிலிருந்து அழைத்த ஒருவர் இதைச் சொல்லி, நம் ஊரில் எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். நாங்கள் அவரிடம் உங்கள் குலதெய்வக் காட்டில் போடப்போகும் சிமெண்டுத் தரையை முதலில் நிறுத்த முடியுமா என்று கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

தொப்பி, தண்ணீர், மாற்று உடை. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க் கரை வழுக்கும், அதனால் பிடிப்புள்ள செருப்பு. ஆனால் கோவில்காட்டு எல்லையில் அதைக் கழற்ற வேண்டியிருக்கும், முள் குத்தினால் சத்தம் போடக் கூடாது. விளம்பரத் துணி வேண்டாம். சாப்பாடு கொண்டுவர வேண்டாம், ஊரில் ஒரு வீட்டில் சொல்லிச் சமைக்கச் சொல்கிறோம், தலைக்கு இவ்வளவு என்று அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். எந்தத் தெருவில் சமைத்தாலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதில் தயக்கம் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் இலைக் கணக்கு சரியாக இருக்கும்.